பயாப்ஸி ரிப்போர்ட்ல 'கி-67 40%'னு இருந்தா எப்படி படிக்கணும், டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்

எங்க அத்தைக்கு மார்புல கட்டின்னு பயாப்ஸி எடுத்தோம், ரிப்போர்ட்ல 'கி-67: 40%'னு பார்த்ததும் உடம்புல 40 பெர்சன்ட் பரவிடுச்சுன்னு நெனச்சு வீடே அழுதுச்சு. அது அப்படி இல்லைங்க.

கி-67ங்கிறது செல் ரெண்டா பிரியற வேலைல இறங்கினா மட்டும் தெரியற புரோட்டீன். லேப்ல சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, நியூக்ளியஸ் ப்ரவுனா இருந்தா அந்த செல் பிரியுது, நீலமா இருந்தா சும்மா கிடக்கு. நூறு கேன்சர் செல்லுல 40 ப்ரவுன்னா அதான் 40%. வேகத்தைச் சொல்லுது, பரவினதை இல்ல.

முதல்ல எந்த உறுப்புன்னு பாருங்க. மார்பகத்துல 5%க்குள்ள இருந்தா கம்மி, 30%க்கு மேல அதிகம், நடுவுல வந்தா லேபுக்கு லேப் மாறும், அதை மட்டும் வச்சு கீமோ வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண வேணாம். கணையம், குடல்ல வர்ற நியூரோஎண்டோக்ரைன் கட்டின்னா (ஹார்மோன் சுரக்குற செல்லுல வர்ற கட்டி) கணக்கே வேற, 3%க்கு கீழ கிரேடு 1, 20% வரைக்கும் கிரேடு 2, அதுக்கு மேல கிரேடு 3. சந்தேகம்னா லேப்ல இருக்கற ஸ்லைடையும், எடுத்த சதையை பதிச்சு வச்ச மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க.

கர்ப்பப்பை உள்சுவர் கேன்சரா? 'போல்-இ' டெஸ்ட் பண்ணலாமான்னு கேளுங்க. டிஎன்ஏவை காப்பி எடுக்கும்போது எழுத்துப்பிழை பாக்குற புரோட்டீன் அது. அது கெட்டுப்போன கட்டில பிழை ஆயிரக்கணக்குல இருக்கும், ஆனா அவங்கதான் பெரும்பாலும் நல்லா தேறி வர்றாங்க, கேன்சர் எந்த நிலைல இருக்குன்னு பிரிக்கற 2023 ஸ்டேஜிங்லயே இதை சேத்துட்டாங்க.

சில கீமோ மருந்தும் இந்த காப்பி எடுக்குற வேலையைத்தான் அடிக்குது. டிஎன்ஏல முறுக்கு ஏறும்போது அதை வெட்டி, பிரிச்சு, திரும்ப ஒட்டுறது டோப்போஐசோமரேஸ்ங்கிற என்சைம், டாக்ஸோரூபிசின்ங்கிற கீமோ மருந்து குடுத்தா வெட்டினது ஒட்டாம போயி செல் செத்துடும். முடி வேரும் வாயோட உள்தோலும் வேகமா பிரியற செல்லுங்கறதால அதுவும் சேந்து அடி வாங்குது, முடி கொட்டுறது இதனாலதான்.

கீமோவுக்கு கேபசிட்டபின் மாத்திரை இல்லன்னா ஃபைவ்-எஃப்யூ மருந்து எழுதினா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டிபிடி டெஸ்ட் பத்தி கட்டாயம் கேளுங்க. டிபிடிங்கிறது இந்த மருந்தை உடம்புல உடைச்சு கழிக்கற என்சைம். அந்த என்சைம் கம்மியா இருக்கறவங்க உடம்புல மருந்து கழியாம தங்கிடும், உயிருக்கே ஆபத்து. ஐரோப்பால 2020லயே முன்கூட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லிட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்சதும் பயங்கரமா வயித்தால போச்சுன்னா, வாயெல்லாம் புண்ணாச்சுன்னா, அடுத்த வேளை மாத்திரையை போடாம உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க, நடுராத்திரின்னாலும் பரவாயில்ல.