நெட் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது

கிராமப்புற வீடுகளில் இணையம் நின்றதும் ரூட்டரை அணைத்துப் போடுவதுதான் எல்லோருக்கும் பழக்கம். அதற்கு முன், கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பார்த்துவிடுங்கள். கணினியை லேன் கேபிளால் ரூட்டரோடு நேராக இணையுங்கள். கேபிளில் நன்றாக ஓடி, வைஃபையில் மட்டும் திணறினால் லைன்மீது பழி இல்லை. ரூட்டரை வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். சுவர் தடிமனாக இருந்தால், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4தான் எட்டும், வேகம் குறைந்தாலும்.

கேபிளிலும் வரவில்லையா? ஃபைபர் இணைப்பென்றால், அந்த ஒயர் வந்து சேரும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' (LOS) என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். சிவப்பாக எரிந்தால் ஒளி சிக்னலே வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் ஒயர் மேசைக்குப் பின்னால் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புகார் கொடுங்கள்.

கரண்ட் போகும்போதெல்லாம் நெட்டும் போகிறதென்றால், ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து வாங்குங்கள். பல ரூட்டர்களுக்கு 12 வோல்ட், சிலவற்றுக்கு 9. மாற்றிச் செருகினால் ரூட்டரே போய்விடலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறோம்.

அப்புறம், ஒரு நோட்டில் நெட் நின்ற நேரம், திரும்பிய நேரம், அப்போது மழையா, எந்த விளக்கு எரிந்தது என்று குறித்து வையுங்கள். "அடிக்கடி போகுது" என்பதைவிட, "இந்த வாரம் நான்கு முறை, எல்லாமே மாலை ஆறு மணிக்கு மேல்" என்று சொன்னால் பழுது பார்க்க வருபவருக்கும் எங்கே தேடுவது என்று தெரியும்.