அறுகம்பேயில் தங்கி ஆவணப்படம் தொகுக்க விரும்புவோருக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்துப் பொத்துவிலை ஒட்டியிருக்கும் அறுகம்பே, மே முதல் செப்டம்பர் வரை அலைச்சறுக்கு ஆட வருவோரால் நிறைந்திருக்கும். தென்மேற்குப் பருவமழை தீவின் மறுபக்கத்தை நனைக்கும் அம்மாதங்களில் இங்கே பெரும்பாலும் வெயில்தான். இயக்குநர் சென்னையில் இருக்க, படத்தொகுப்பாளர் இங்கே சில வாரங்கள் தங்கி ஓர் ஆவணப்படத்தின் முதல் தொகுப்பை முடித்துவிட முடியும். இரு ஊர்களுக்கும் கடிகார நேரம் ஒன்றே. பொத்துவிலில் தமிழ் பேசுவோரே மிகுதி என்பதால், வீடு பிடிப்பதிலிருந்து மின்பணியாளரை அழைப்பது வரை மொழித்தடையும் இல்லை. ஆனால் எந்த வேலையைக் கடற்கரையில் செய்வது, எதை ஊர் திரும்பும் வரை நிறுத்திவைப்பது என்பதைப் புறப்படும் முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கோப்புகளின் அளவைக் கணக்கிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவான ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 45 ஜிபி இடம் பிடிக்கும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிவேற்றும் இணைப்பில் அதை அனுப்ப, தடங்கலே இல்லாவிட்டாலும், 10 மணி நேரம் ஆகும். அதே காட்சியை நொடிக்கு 5 மெகாபிட் அளவுள்ள ப்ராக்ஸியாக, அதாவது தொகுக்கும்போது மட்டும் பயன்படும் சிறிய நகலாக, மாற்றினால் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே மூலக்காட்சிகள் முழுவதையும் சென்னையிலேயே ப்ராக்ஸியாக்கி, ஒரு எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் எடுத்துவருவதே சிறந்தது. அப்போது அன்றாடம் இணையத்தில் பயணிக்க வேண்டியவை தொகுப்பு மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பும், பார்வைக்கான சிறிய வீடியோவும் மட்டுமே. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் ப்ரோ ஆகிய தொகுப்பு மென்பொருள்கள் இரண்டுமே ப்ராக்ஸிகளை மூலக்காட்சிகளோடு இணைத்துக்கொள்ளும். ஆனால் கோப்பின் பெயர், டைம்கோடு (ஒவ்வொரு பிரேமுக்கும் உள்ள நேரக்குறி), நொடிக்கான பிரேம் எண்ணிக்கை, ஒலித்தடங்களின் எண்ணிக்கை ஆகியவை இரு பக்கமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒரே ஒரு கோப்பின் பெயரை யாரேனும் நடுவில் மாற்றினாலும், ப்ராக்ஸிகளை மூலக்காட்சிகளோடு இறுதியாக இணைக்கும்போது அந்தக் காட்சியைத் தேடிக் கையால் சேர்க்க நேரிடும்.

அறைக்கு முன்பணம் கொடுக்கும் முன் இணைய வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். விடுதிக்காரர் சொல்வது பெரும்பாலும் பதிவிறக்க வேகம். நமக்குத் தேவை பதிவேற்ற வேகம். விருந்தினர் எல்லோரும் அறைக்குத் திரும்பும் மாலை வேளையில் அதை அளப்பது நல்லது. வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம்கார்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்புகளை நள்ளிரவுக்குப் பின் அனுப்புங்கள். மின்சாரம் 230 வோல்ட். தட்டையான மூன்று முனைப் பிளக்குக்கான அடாப்டர் அவசியம். மின்தடையின்போதும் வைஃபை ரவுட்டர் இயங்க ஒரு சிறிய யுபிஎஸ் போதும்.

கருவிகளுக்கு உண்மையான பகை உப்புக்காற்று. அது யுஎஸ்பி துளைகளையும் விசிறியையும் மெல்ல அரிக்கும் என்பதால், கடலை நோக்கிய திறந்த வராந்தாவில் மடிக்கணினியை வைத்து நாள் முழுவதும் வேலை செய்வதை நான் சிறிதும் ஏற்கமாட்டேன். சுற்றுப்புற வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் பல மடிக்கணினிகளின் வேகமும் குறைந்துவிடும். நாள்தோறும் வெளிப்புறத்தை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். லென்ஸ்களை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். ஈரம் தொடர்ந்து நீடித்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். ஏசி அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே கொண்டுபோனால் அதன்மேல் நீர் படியும். ஆகவே பிளாஸ்டிக் உறையில் இறுக மூடி எடுத்துச்சென்று, வெளிக்காற்றின் சூட்டுக்கு அது வந்த பிறகே உறையைத் திறக்க வேண்டும்.

வண்ணச் சீரமைப்பையும் இறுதி ஒலிக்கலவையையும் இங்கே செய்யவே வேண்டாம். வெளிச்சம் மிகுந்த இடத்தில் திரை இருண்டு தெரிவதால், நம்மை அறியாமலே நிழற்பகுதிகளை உயர்த்திவிடுவோம். அதே காட்சி இருட்டறையில் வெளிறிப்போய்த் தோன்றும். அலையோசையோ பதிவிலுள்ள மெல்லிய இரைச்சலை முழுவதுமாக மறைத்துவிடும். காட்சித் தேர்வு, வரிசை, நேர்காணல்களைக் கத்தரிப்பது, வசன வரிகளின் முதல் வடிவம் ஆகியவற்றுக்கு இந்த இடம் மிகவும் உகந்தது.

கூடுதல் காட்சிகளை இங்கேயே எடுக்க எண்ணினால், வந்த பிறகு அலையாமல் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். டிரோன் பறக்கவிட இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை. தெற்கே, பாணமையைத் தாண்டியிருக்கும் குமண தேசியப் பூங்காவில் படம்பிடிக்க வனசீவராசிகள் திணைக்களத்தை அணுக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்யலாமா என்பதைத் தூதரகத்திடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக எடுத்த காட்சிகளை அன்றிரவே இரண்டு எஸ்எஸ்டிகளில் பிரதி எடுத்து, சரிபார்க்கும் வசதியுள்ள மென்பொருளால் ஒப்பிட்டு, இரண்டையும் வெவ்வேறு பைகளில் வையுங்கள். அவை சென்னை வந்து மூன்றாவது பிரதி எடுக்கப்படும் வரை மெமரி கார்டுகளை அழிக்கக் கூடாது.