கோடை முகாம் வேலைக்கு அமெரிக்கா போக விரும்பும் கடலூர், புதுச்சேரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நமக்குக் கோடை என்றால் ஏப்ரல், மே. கத்திரி வெயில் கழிந்தால் கோடையும் கழிந்தது. அமெரிக்க முகாம்களின் கோடை ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை போகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு மே மாதத்தில் விசாரிக்கத் தொடங்குபவருக்கு அந்த ஆண்டின் வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. முகாம்கள் ஆள் தேடுவது முந்தைய ஆண்டு அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச்சுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அதனால் நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். பிள்ளைகள் வருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே பணியாளர் பயிற்சி நடக்கும். அதற்கு ஜூன் தொடக்கத்தில் அங்கே இருக்க வேண்டும். விசா நேர்காணல் ஏப்ரலுக்குள், விசாவுக்கு ஆதாரமாக ஸ்பான்சர் (உங்களை முகாமோடு சேர்த்துவைக்கும், அமெரிக்க அரசு அங்கீகரித்த அமைப்பு) தரும் டிஎஸ்-2019 படிவம் மார்ச்சுக்குள், முகாமுடன் காணொளி நேர்காணல் ஜனவரிக்குள், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டியது அக்டோபருக்குள். 2025இல் மே 27 முதல் சில வாரங்களுக்கு, மாணவர் மற்றும் பரிமாற்ற விசாக்களுக்குப் புதிய நேர்காணல் தேதி தருவதை அமெரிக்கா உலகெங்கும் நிறுத்தி வைத்தது. முன்பே தேதி வாங்கியவர்கள் போய்வர முடிந்தது. தள்ளிப்போட்டவர்களுக்கு வழி அடைபட்டது.

நாள்காட்டியின் இன்னொரு முனை கல்லூரி. முகாம் ஆகஸ்டில் முடியும்போது இங்கே அடுத்த செமஸ்டர் பல வாரங்கள் ஓடியிருக்கும். 75 சதவீத வருகைப்பதிவு கணக்கில் அந்த வாரங்கள் உதைக்கும். கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகளானாலும் புதுச்சேரிக் கல்லூரிகளானாலும், துறைத் தலைவரிடம் வாய்ச்சொல்லாக "சரி, போய்ட்டு வா" என்று கேட்டுக்கொள்வது போதாது. தேதி குறித்து முதல்வரின் கையொப்பத்தோடு கடிதம் வாங்குங்கள். அதே கடிதம் விசா நேர்காணலிலும் கைகொடுக்கும்.

எந்த விசா, என்ன வேலை

இந்த வேலைக்கு உரியது ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் கேம்ப் கவுன்சிலர் என்ற பிரிவு. பெயரைக் கேட்டதும் வார்டு கவுன்சிலர் நினைவு வரலாம். இங்கே அது முகாமில் பிள்ளைகளோடு தங்கி, எழுப்பி, விளையாட வைத்து, தூங்கவைக்கும் அண்ணனோ அக்காவோ. குறைந்தது 18 வயது வேண்டும். மாணவராகவோ, ஆசிரியராகவோ, இளைஞர் பணியில் இருப்பவராகவோ, தனித்திறன் உள்ளவராகவோ இருக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம்.

சமையல், பாத்திரம் கழுவுதல், துப்புரவு, அலுவலக வேலை ஆகியவற்றுக்கு இந்தப் பிரிவில் ஆள் அனுப்பக்கூடாது என்று விதியே சொல்கிறது. "கவுன்சிலர் விசாவில் போங்க, கிச்சனில் வேலை இருக்கு" என்று யாராவது சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். அதே பணி செய்யும் அமெரிக்க இளைஞருக்கு நிகரான சம்பளமும் வசதியும் தர வேண்டும் என்பதும் விதி. சுற்றுலா விசாவில் போய், சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் வாங்கிக்கொண்டு "தன்னார்வலராக" இருக்கலாம் என்ற யோசனை ஆபத்தானது. விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம், அடுத்த விசாக்களும் கெடும்.

கனடாவின் இளைஞர் பணி அனுமதித் திட்டத்தில் இந்தியா ஒப்பந்த நாடாக இல்லை. அதன் பெயரில் முகாம் வேலை தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டத்துக்குப் பட்டப்படிப்பு, 2,530 பவுண்டு சேமிப்பு, அதற்கும் மேல் குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழி வேறு. அவர்களுக்கு பிரான்சில் வேலை செய்ய விசாவே தேவையில்லை, தேவைப்படுவது பாஃபா, அதாவது பிள்ளைகள் முகாமை நடத்துபவருக்கான பிரெஞ்சுச் சான்றிதழ். எட்டு நாள் பொதுப் பயிற்சி, 14 நாள் முகாமில் செய்முறை, பிறகு ஆறு நாள் மேற்பயிற்சி. 2022 முதல் 16 வயதிலேயே சேரலாம். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தும் இதைப் பற்றிக் கேள்விப்படாமல் அமெரிக்க ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுவது வீண் செலவு.

பெயர்: சின்ன விஷயமாகத் தோன்றுவது

நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் அதைக் காலியாக விட அனுமதிக்காது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, சொந்தப் பெயர் கட்டத்தில் எஃப்என்யு என்று போட வேண்டும். 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும், பதறவேண்டாம். இதற்குப் பயந்து இனிஷியலைத் தானாக விரித்து அப்பா பெயரை ஒரு படிவத்தில் மட்டும் சேர்ப்பவர்கள்தான் சிக்கலில் விழுகிறார்கள். டிஎஸ்-2019, டிஎஸ்-160, விமான டிக்கெட் மூன்றும் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதப்பட வேண்டும்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கண்ணி உண்டு. பழைய குடும்ப ஆவணங்களில் முருகன் போன்ற பெயர்களின் 'உ' ஓசை பிரெஞ்சு முறைப்படி ஓ, யு என்ற இரண்டு எழுத்தால் எழுதப்பட்டிருக்கும். ஆதாரில் ஓர் எழுத்து, மதிப்பெண் பட்டியலில் இரண்டு எழுத்து. பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். பிறந்த ஊரும் அப்படித்தான். 2006இல் பாண்டிச்சேரி என்ற பெயர் புதுச்சேரி ஆனது, பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

காவல்துறைச் சான்றிலும் குழப்பம் வரும். தமிழ்நாடு காவல்துறை இணையம் வழியாகத் தரும் சரிபார்ப்பு அறிக்கை வேறு, பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய் கட்டி வாங்கும் பிசிசி எனும் காவல்துறை நற்சான்று வேறு. ஸ்பான்சர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டில் பழைய முகவரி இருந்தால் பிசிசி தாமதமாகலாம்.

திறமைப் பட்டியல்

விண்ணப்பத்தில் நீச்சல், வில்வித்தை, கயாக், நாடகம், மண்பாண்டம் என்று நீண்ட பட்டியல் வரும். ஒவ்வொன்றிலும் கற்றுத் தருவேன், உதவி செய்வேன், ஓரளவு தெரியும் என்ற நிலைகள் இருக்கும். எல்லாவற்றிலும் 'கற்றுத் தருவேன்' என்று தட்டிவிடுவது வழக்கமான தவறு. முகாம் அதை நம்பித்தான் ஆள் எடுக்கிறது. வில்லைத் தொட்டிராதவர் கையில் பத்து வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேவனாம்பட்டினத்தில் வளர்ந்தவருக்கு அலையில் நீந்தத் தெரிந்திருக்கலாம். முகாம் கேட்கும் உயிர்காப்பாளர் தேர்வு வேறு வகை: கையைப் பயன்படுத்தாமல் இரண்டு நிமிடம் தண்ணீரில் நிமிர்ந்து நிற்க வேண்டும், பத்து பவுண்டு எடையை, அதாவது நாலரை கிலோவை, நீச்சல்குளத்தின் அடியிலிருந்து எடுத்து வர வேண்டும். குளத்தில் பழகாமல் போனால் அங்கே தோற்றுப்போவீர்கள்.

உண்மையில் நம்மிடம் இருப்பதை எழுதாமல் விடுவதும் அதே அளவு தவறு. சிலம்பம், கபடி, கோலம், வில்லியனூர் சுடுமண் வேலை, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை எல்லாம் அங்கே வேறு யாரும் கொண்டுவராத பாடங்கள். "சிலம்பம் தெரியும்" என்று மட்டும் எழுதினால் புரியாது. "நான்கு ஆண்டு பயிற்சி, 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 20 பேருக்கு வாரம் இருமுறை கற்றுத் தந்திருக்கிறேன், நுரைக் குச்சியில் பாதுகாப்பாக நடத்த முடியும்" என்று எழுதுங்கள். என்எஸ்எஸ் முகாம், மாலை நேர டியூஷன், ஞாயிறு பள்ளி, சாரணர் என்று பிள்ளைகளோடு கழித்த நேரம் எல்லாம் கணக்கில் வரும். நீங்கள் நல்ல மாணவரா என்பதைவிட, ஒரு தாய் தன் பிள்ளையை நம்பி விட்டுப்போகக்கூடியவரா என்பதையே முகாம் பார்க்கிறது.

பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். ஸ்பான்சர் அவரை நேரடியாகத் தொடர்புகொள்வார். அவருக்கு ஒன்றும் தெரியாமல் போனால் விண்ணப்பமே நிற்கும். உறவினர் தரும் கடிதம் செல்லாது.

காணொளி நேர்காணல்

"வீட்டு ஞாபகத்தில் ஒரு பையன் இரவு முழுக்க அழுகிறான், என்ன செய்வீர்கள்?" "படுக்கையை நனைத்துவிட்டான், மற்றவர்கள் கேலி செய்கிறார்கள்?" இப்படித்தான் கேள்விகள் வரும். "கண்டிப்பாக இருப்பேன்", "ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடுவான்" என்ற பதில்களோடு நேர்காணல் முடிந்துவிடும். நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லும் சொல்தான். ஆனால் அங்கே பிள்ளையை அடிப்பது, சாப்பாட்டை நிறுத்துவது, தனியறையில் ஒரே பிள்ளையோடு இருப்பது மூன்றும் வேலையைப் பறிக்கும். சத்தமில்லாமல் படுக்கையை மாற்றுவேன், அவன் மானம் போகாதபடி பார்த்துக்கொள்வேன், மூத்த பணியாளரிடம் சொல்வேன் என்று படிப்படியாகச் சொல்லுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். பல முகாம்கள் கிறிஸ்தவ அல்லது யூத அமைப்புகள் நடத்துபவை. வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் தேவையில்லை.

பணம்

இதைச் சம்பாத்தியமாக நினைத்து நகையை அடகு வைக்காதீர்கள். விசா கட்டணம் 185 டாலர், சிவிஸ் (மாணவர், பரிமாற்ற விசாக்காரர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் முறை) கட்டணம் 35 டாலர், டாலருக்கு 85 ரூபாய் வைத்தாலே 18,700 ரூபாய். அதற்கு மேல் ஸ்பான்சர் கட்டணம், விமானம், சென்னைப் பயணங்கள். கட்டும் நாளில் விசாக் கட்டணத்தை மறுபடி சரிபாருங்கள். சில ஸ்பான்சர்கள் சிவிஸ் கட்டணத்தைத் தாங்களே கட்டுவார்கள், கேட்காமல் இருமுறை கட்டிவிடாதீர்கள். காப்பீடு ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் தர வேண்டும் என்பது ஜே-1 விதி, மலிவான சுற்றுலாக் காப்பீடு எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

டிஎஸ்-2019 படிவத்தை அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் மட்டுமே தர முடியும். அந்தப் பட்டியல் துறையின் ஜே-1 இணையதளத்தில் உள்ளது. உள்ளூர் ஏஜென்ட் சொல்லும் ஸ்பான்சர் பெயரை அங்கே தேடி, அந்தத் தளம் காட்டும் தொடர்பில் நேரே கேளுங்கள். விசா உறுதி என்பவர், தனிநபர் ஜிபே எண்ணுக்குப் பணம் கேட்பவர், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்பவர், மூவரும் ஒதுக்க வேண்டியவர்கள்.

சென்னையில் நேர்காணல்

டிஎஸ்-160 பக்கம் 20 நிமிடம் தொடாமல் விட்டால் மூடிக்கொள்ளும். விண்ணப்ப எண்ணை முதலில் குறித்துக்கொண்டு அடிக்கடி சேமியுங்கள். கடந்த ஐந்தாண்டு சமூக ஊடகக் கணக்குகளை மறைக்காமல் எழுதுங்கள். 2025 ஜூன் முதல் ஜே விசாவுக்கு அவற்றைப் பொதுவில் திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். கைரேகைக்கு ஒரு நாள், தூதரகத்துக்கு வேறொரு நாள் என்று வரலாம். ஜெமினி மேம்பாலம் அருகிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் கைபேசி அனுமதி இல்லை, அதிகாலைப் பேருந்தில் பையோடு இறங்கி நேரே போய் நிற்காதீர்கள்.

மனப்பாடம் செய்த பதில் உடனே தெரிந்துவிடும். எந்த முகாம், எந்த மாநிலம், எந்த வயதுப் பிள்ளைகள், திரும்பி வந்து என்ன படிப்பு என்ற நான்கும் உங்கள் சொந்த வார்த்தையில் வர வேண்டும். நியூ ஜெர்சியில் மாமா இருந்தால் மறைக்க வேண்டாம். படிவம் கேட்கிறது, உண்மையை எழுதுங்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள். டிஎஸ்-2019 தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்பிலிருந்துதான் உள்ளே நுழைய முடியும். முடிந்தபின் 30 நாள் ஊர் சுற்றலாம், ஆனால் வேலை செய்யக்கூடாது.

அங்கே முதல் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஜே-1இல் புதிதாக வந்தவர்களிடம் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரிகள் பிடிக்கக்கூடாது, பிடித்திருந்தால் முகாம் அலுவலகத்தில் சொல்லித் திரும்பப் பெறலாம். கிளம்பும் முன் கடலூர் அல்லது புதுச்சேரி வீட்டு முகவரியை பின்கோடோடு அங்கே எழுதிக் கொடுங்கள். வரிக்கணக்குக்குத் தேவையான, ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை அடுத்த ஜனவரி இறுதிக்குள் அனுப்புவார்கள். அதை வைத்துத்தான் ஏப்ரல் 15க்குள் 1040-என்ஆர் என்ற வருமானவரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.