மக், கண்ணாடி, எவர்சில்வர்: டெக்கால் படம் எங்கே கெடுகிறது?

வாட்டர் ஸ்லைடு டெக்கால் (தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து நகர்த்தி ஒட்டும் படம்) ஒட்டிய மக்கில் படம் உரிந்து வந்தால் பழி முழுக்கப் பசைமேல் விழுகிறது. அந்தப் பசைக்கு உள்ள வேலையே கொஞ்சம்தான். தாளின்மேல் தண்ணீரில் கரையும் பசைப் பூச்சு, அதற்கு மேலே பாலேடு போல மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அச்சு விழுவது அந்தப் படலத்தில். பசை அதைக் காயும்வரை பிடித்துவைக்கும். பிறகு தாங்கவேண்டியது சுத்தமான பரப்பும் மேலே அடிக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற காப்புப் பூச்சும். அதனால் கெடுகிற படங்களில் பெரும்பாலானவை தண்ணீரைத் தொடும் முன்பே கெட்டுவிட்டவை.

முதலில் தாள். இங்க்ஜெட்டுக்கும் லேசருக்கும் தனித்தனித் தாள் உண்டு. இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் விட்டால், 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் படலம் உருகி, டோனரை (மைத்தூளை) உருக்கிப் பதிக்கும் ஃபியூசரில் சுற்றிக்கொள்ளும். தாளோடு சேர்த்து பிரிண்டரும் செலவு வைக்கும். லேசர் தாளில் இங்க்ஜெட் மை அடித்தாலோ மை உறிஞ்சாமல் முத்து முத்தாக நிற்கும். மையைச் சூட்டால் ஆவியாக்கிப் பதிக்கும் சப்ளிமேஷன் தாளோடு குழப்பிக்கொள்வதும் நிறைய நடக்கிறது. அதற்குப் பாலிமர் பூச்சு உள்ள மக்கும், 180–200 டிகிரி ஹீட் பிரஸ்ஸும் வேண்டும், படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியும் அடிக்கவேண்டும். டெக்காலில் படம் முகம் மேலே பார்த்தபடியே நகர்ந்து உட்காருவதால் திருப்பத் தேவையில்லை. கண்ணாடியின் ஒரு பக்கம் வழக்கம்போல் ஒட்டி மறுபக்கத்திலிருந்து பார்க்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் திருப்புங்கள்.

வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் கிளியர் (நிறமற்ற) தாளில் அடியிலுள்ள பரப்பு அப்படியே தெரியும். கறுப்பு மக்கிலும் எவர்சில்வர் டம்ளரிலும் கிளியர் தாளை ஒட்டினால் முகத்தின் நிறமே உலோகத்தோடு கலந்து மங்கிவிடும். அங்கே வெள்ளைத் தாள்தான். ஆனால் அதைப் படத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டவேண்டும். கொஞ்சம் விட்டாலும் ஸ்டிக்கர் மாதிரி தெரியும்.

இங்க்ஜெட் அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே கட்டாயம். 25–30 செ.மீ. தள்ளிப் பிடித்து, 10–15 நிமிட இடைவெளியில் மெல்லிய கோட் இரண்டு அல்லது மூன்று. அவசரப்பட்டு ஒரே கனமான கோட்டாக அடித்தால் மை ஓடும். ஓடாவிட்டாலும் படலம் விறைத்து, மக்கின் வளைவில் வெடிக்கும். மழைநாளில் ஸ்பிரே வெள்ளை பூத்தது போல் மங்கினால் காற்றின் ஈரம்தான் காரணம்; வெயில் வரும்வரை பொறுப்பதுதான் வழி. பலர் விட்டுவிடும் இடம் வெட்டிய ஓரம். மேலே எத்தனை கோட் இருந்தாலும் அச்சின் நடுவே கத்தரி போனால் அந்த விளிம்பு வழியே தண்ணீர் புகுந்து மை கசியும். கிளியர் தாளில் படத்தைச் சுற்றி 2–3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டிய வெள்ளைத் தாள் என்றால், வெட்டிய பிறகு ஓரங்களுக்கு இன்னொரு கோட். லேசர் அச்சுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

பரப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கவேண்டும். ஆல்கஹால்தானே என்று ஹேண்ட் சானிடைசரை எடுக்காதீர்கள்; பெரும்பாலும் அதில் கிளிசரின் இருக்கும், துடைத்த இடத்திலேயே படிந்துவிடும். புது எவர்சில்வரில் பாலிஷ் பிசுக்கு இருக்கும். துணியில் கறுப்பு வராத வரைக்கும் துடையுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: விரிப்பாகப் படர்ந்தால் சுத்தம், திட்டுத்திட்டாக ஒதுங்கினால் எண்ணெய் இன்னும் போகவில்லை. பவுடர் கோட் அடித்த மேட் பாட்டிலில் வேறொரு சிக்கல். சொரசொரப்பின் பள்ளங்களில் காற்று தங்கி, காய்ந்ததும் படத்தின் அடியில் வெள்ளி பூத்தாற்போல் மினுங்கும். முதலில் பளபளப்பான கிளியர் அடித்துக் காயவைத்து, அதன்மேல் ஒட்டினால் அது வராது.

வெதுவெதுப்பான தண்ணீரில் 30–60 விநாடி போதும். படம் தானாக மிதக்கும்வரை காத்திருந்தால் பசை கழுவிப்போயிருக்கும். எடுத்து ஒரு துண்டின்மேல் ஒரு நிமிடம் வையுங்கள். விரலால் தள்ளினால் நகரவேண்டும். மக்கையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, தாளோடு வைத்து, தாளை அடியிலிருந்து உருவுங்கள். படத்தை உரித்து எடுத்தால் நீளும், கிழியும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் ஸ்குவீஜியால் தண்ணீரைத் தள்ளவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் தண்ணீர் நடுவில் சிறைப்பட்டு, பிறகு கொப்புளமாகும். காய்ந்தபின் கண்ணில் பட்ட கொப்புளத்தை மெல்லிய ஊசியால் குத்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்தலாம்.

டம்ளர் மேலே அகலம், கீழே குறுகல். நேரான பட்டையை அதில் சுற்றினால் இரு முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஏறிப்போகும், கீழே சுருக்கம் விழும். சாதாரணத் தாளைச் சுற்றி அளவு எடுத்துப் படத்தையும் அதே வளைவில் வடிவமைக்கவேண்டும். கிண்ணம் போல இரு திசையிலும் வளைந்த பரப்பில் பெரிய படம் உட்காரவே உட்காராது. சின்னச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

ஒட்டியபின் 24 மணி நேரம் காயவிடாமல் மேல் கிளியர் அடித்தால் அடியில் தங்கிய ஈரம் பால் நிறத் திட்டாக நிற்கும். ஓவனில் சூடுபடுத்தச் சொல்லித் தாளின் பாக்கெட்டில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். சூடான ஓவனுக்குள் கண்ணாடியை வைக்கக்கூடாது. ஆறிய ஓவனில் வைத்துச் சூட்டை ஏற்றி, அதிலேயே ஆறவிடுங்கள்.

வாய் படும் விளிம்பில் 2 செ.மீ. விடுங்கள், உட்பக்கம் வேண்டவே வேண்டாம். மைக்ரோவேவும் டிஷ்வாஷரும் இந்தப் படங்களுக்கு ஆகாது. சாப்பிடும் தட்டின் நடுவில் ஒட்டி, மேலே கிளியர் இருக்கிறதே என்று சோறு போடுவது இருப்பதிலேயே மோசமான தவறு. அந்தத் தட்டு சுவரில் மாட்டத்தான்.

கழுவக் கழுவ நிற்கும் படம் வேண்டுமென்றால் அது சூளை டெக்கால். அதில் இருப்பது பீங்கான் நிறமிகளும் கண்ணாடித் துகளும். பொதுவாக, கிளேஸ் (கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு) போட்ட பீங்கானின்மேல் 750–850 டிகிரியிலும், கண்ணாடியில் 550–600 டிகிரியிலும் உருகிப் பிடிக்கும். வீட்டு இங்க்ஜெட் படத்தைச் சூளையில் வைத்தால் படலமும் மையும் எரிந்து வெறும் மக்தான் திரும்பி வரும். ஒரு விதிவிலக்கு, இரும்பு ஆக்சைடு கலந்த கறுப்பு டோனர்: கரி எரிந்துபோனாலும் இரும்பு தங்கி, பழைய போட்டோ மாதிரி பழுப்பு நிறம் தரும். எல்லா டோனரிலும் இரும்பு இருக்காது, உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்றில் சுட்டுப் பார்த்துவிடுங்கள். சூளையில் வைக்குமுன் டெக்கால் முழுதாகக் காயவேண்டும். அடியில் சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவியாகிப் படத்தைப் பிளந்துவிடும். படலம் எரியும் புகை வெளியேற, சூடு ஏறும் முதல் கட்டத்தில் காற்றுத் துளையைத் திறந்தே வையுங்கள். அந்த இடத்தில் நின்று புகையைச் சுவாசிக்காதீர்கள்.