பௌர்ணமி வந்தால் மனசு மாறுமா? வீட்டிலேயே கணக்கு வைத்துப் பார்க்கும் முறை

"பௌர்ணமி கிட்ட வருதும்மா, தம்பியைப் பாத்துக்கோ" என்று எங்கள் தெருவில் என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. நாங்கள் இருப்பது திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் ஒரு தெருவில். தம்பிக்கு பைபோலார் மனநோய். சில வாரம் அளவு மீறிய உற்சாகம், சில வாரம் படுக்கையை விட்டு எழவே முடியாத சோர்வு. லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள். யாராவது எதையாவது சொன்னால் "நோட்டைக் காட்டுங்க" என்று கேட்டே பழகியவள். நிலாவுக்கும் நோட்டு போட்டேன். அதே மாதிரி வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தம்பி படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே விடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவனிக்க வேண்டியது வானத்தை அல்ல, தூக்கத்தை. ஆனால் என் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் வீட்டில் நீங்களே பாருங்கள்.

முதல் வேலை, கேள்வியைச் சரியாகக் கேட்பது. "பௌர்ணமின்னா ஒரு மாதிரி ஆயிடுவான்" என்பது கேள்வியே இல்லை. எந்த நாள் பௌர்ணமி? திதி பெரும்பாலும் ஒரு நாள் நடுவில் தொடங்கி மறுநாள் முடியும். அதனால் முந்தின நாளையும் சேர்க்கிறோம், மறுநாளையும் சேர்க்கிறோம். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் "அமாவாசைக்குத்தான் அவனுக்கு அதிகம்" என்று அந்தப் பக்கமும் மூன்று நாள் சேர்ந்துகொள்கிறது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சராசரியாக 29.5 நாள். அதில் 6 நாளை நாமே நிலவு நாள் என்று குறித்துவிட்டோம். அதாவது, காரணமே இல்லாமல் எந்தத் தேதியில் கோளாறு வந்தாலும் ஐந்தில் ஒரு தடவை அது நிலவு நாளில்தான் விழும். இரண்டு நாள் முன்னே பின்னே என்று இழுத்தால் 10 நாள் ஆகிவிடும், மூன்றில் ஒரு தடவை விழும். இந்தக் கணக்கை மனதில் வைக்காமல் யார் பார்த்தாலும் நிலாதான் குற்றவாளியாகத் தெரியும். அதனால் எந்தெந்த நாளை எண்ணப் போகிறோம் என்று ஆரம்பத்திலேயே எழுதி வையுங்கள். பிறகு மாற்றாதீர்கள்.

இரண்டாவது, நோட்டு. சுவரில் தொங்கும் காலண்டரில் குறிக்காதீர்கள். அதில் பௌர்ணமிக்கு வெள்ளை வட்டமும் அமாவாசைக்குக் கறுப்பு வட்டமும் போட்டிருக்கும். வட்டத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால் அன்றைக்கு அவன் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாலும் அது கோபமாகப் படும். மற்ற நாளில் அதே சத்தம் காதில்கூட விழாது. கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்று வாங்கி, இங்கிலீஷ் தேதி மட்டும் போட்டு எழுதுங்கள். நிலவு நாளைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். பௌர்ணமியன்று ஊரே நிரம்பி வழியும் எங்கள் தெருவில் தேதி தெரியாமல் இருக்க முடியாதுதான். அதற்காகத்தான் மதிப்பெண்ணுக்கு முன்கூட்டியே விதி வைத்தேன்.

விதி இதுதான். வழக்கம்போல் இருந்தால் 0. பேச்சு வேகமாக இருக்கிறது, ஆனால் "மெதுவா பேசுடா" என்றால் நிறுத்துகிறான் என்றால் 1. சொன்னாலும் நிற்கவில்லை, ராத்திரியில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறான் என்றால் 2. கடன் வாங்குவது, கைகலப்பு, சொல்லாமல் கிளம்புவது என்றால் 3. சோர்வு நாளுக்குப் பக்கத்தில் "சோ" என்று ஒரு எழுத்து. உங்கள் வீட்டு ஆளுக்கு அடையாளங்கள் வேறாக இருக்கும். நல்லபடியாக இருக்கும்போது அவரையே கேட்டு விதியை எழுதுங்கள். இதை எழுதியதில் பாதி தம்பிதான்.

மதிப்பெண்ணோடு ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான், மாத்திரை போட்டானா, சாப்பிட்டானா அல்லது விரதமா, வீட்டில் விருந்தாளி உண்டா என்பதும் வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு வரி, தினமும் காலையில். ஒன்றும் நடக்காத நாளைக் கட்டாயம் எழுத வேண்டும். கோளாறான நாளை மட்டும் எழுதுவது, வரவை எழுதிச் செலவை விட்ட பேரேடு மாதிரி. அதிலிருந்து எந்த மிச்சமும் எடுக்க முடியாது. பிரச்சினை இல்லாமல் கடந்து போன பௌர்ணமிகள் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. இந்த நம்பிக்கை இத்தனை தலைமுறை நின்றதற்கு அதுவே பெரிய காரணம் என்பது என் முடிவு.

குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருஷம் எழுதுங்கள். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து நிலவு நாட்களைக் குறியுங்கள். இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த நோயில் கெட்ட நாட்கள் தனித்தனியாக வராது, ஒன்று ஆரம்பித்தால் வரிசையாகப் பத்துப் பதினைந்து நாள் ஓடும். அத்தனையையும் எண்ணினால் ஏதாவது ஒரு வட்டம் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால் 2 என்ற எண் முதலில் விழுந்த நாளை, அதாவது தொடங்கிய நாளை மட்டும் எண்ணுங்கள். வருஷத்தில் 10 தடவை தொடங்கியிருந்தால், நிலாவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமலே சுமார் 2 தடவை நிலவு நாளில் விழ வேண்டும். 3 விழுந்தாலும் ஆச்சரியம் இல்லை. 7, 8 என்று விழுந்தால் மருத்துவரிடம் நோட்டோடு போய்ப் பேசுங்கள். அது வீண் பேச்சாக இருக்காது. அமெரிக்க மனநல ஆய்வாளர் தாமஸ் வேர், மிக வேகமாக மாறி மாறி வரும் பைபோலார் நோயுள்ள 17 பேரின் குறிப்புகளை எடுத்து, அவர்களின் மனநிலை மாற்றம் நிலவின் சுழற்சியோடு ஒட்டிப் போனதை 2018-இல் வெளியிட்டிருக்கிறார். அது 17 பேரைப் பற்றியது, அபூர்வ வகை. ஊரிலுள்ள எல்லோர் தலையிலும் அதை ஏற்ற முடியாது.

ஊர்க் கணக்கு என்று வந்தால் நிலா தோற்றுத்தான் போகிறது. ராட்டன், கெல்லி என்ற இருவர் 1985-இல் 37 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மனநல மருத்துவமனைச் சேர்க்கை, குற்றம், நெருக்கடிக்கால போன் அழைப்பு எல்லாம் அதில் உண்டு. நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நிலவால் விளக்க முடியவில்லை. 2000 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றின் ஒரே பதிப்பில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பௌர்ணமியை ஒட்டி விலங்குக் கடி அதிகம் என்றது ஒன்று. ஆஸ்திரேலியாவில் நாய்க்கடிக்கும் பௌர்ணமிக்கும் தொடர்பே இல்லை என்றது மற்றொன்று. ஒரு கட்டுரையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் இன்னொன்றையும் கேளுங்கள்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் நடக்க லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. அன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியில் போய் எண்ணினாலும் மயக்கம், அடிபட்டது, தகராறு எல்லாம் கூடத்தான் இருக்கும். கூடியது கூட்டம். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, மதுக்கடைகள் அடைத்திருக்கும். அங்கே அன்றைக்குச் சண்டை குறைந்தால் அந்தப் பெருமையையும் நிலாவுக்குக் கொடுக்க முடியுமா?

"கடலையே இழுக்குதே, உடம்புல முக்கால்வாசி தண்ணிதானே" என்று கேட்பார்கள். ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது, பூமியின் ஒரு பக்கத்தை நிலா இழுக்கும் அளவும் மறுபக்கத்தை இழுக்கும் அளவும் வேறுபடுவதால். பூமி அத்தனை பெரியது. ஆறடி மனிதனின் தலைக்கும் காலுக்கும் இடையே அந்த வேறுபாடு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். கிணற்றிலும் குடத்திலும் தண்ணீர் ஏறி இறங்காததைக் கண்ணால் பார்க்கிறோமே.

இனி தூக்கத்துக்கு வருகிறேன், இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் நோட்டில் நிலவு நாளுக்கென்று தனியாக எதுவும் தேறவில்லை. ஆனால் 2 என்ற எண் விழுந்த இடத்துக்கு மேலே விரலை ஓட்டினால், முந்தின இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் நான்கு மணி நேரத்துக்கும் கீழே போயிருந்தது. ஒரு தடவை விடியற்காலை மூன்று மணிக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். வீட்டிலுள்ள பித்தளைச் சாமான் முழுவதையும் குழாயடியில் பரப்பி, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். குத்துவிளக்கு, அண்டா, அம்மாவின் சீர் சொம்பு எல்லாம் பளபளவென்று வரிசையாக இருந்தன. கை விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. "தூக்கமே வரலக்கா, வேலையாவது ஆகட்டுமே" என்றான். அக்கம்பக்கத்தில் அன்றும் பௌர்ணமி என்றே சொன்னார்கள். பௌர்ணமிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஊர்ப் பயணமும் உறவுக்காரர் கல்யாணமுமாக அவன் சரியாகத் தூங்காத வாரம் அது.

தூக்கம் கெடுவது இந்த நோயில் உற்சாக நிலையைத் தூண்டிவிடும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. நிலவு தூக்கத்தைத் தொடுமா என்றால், கொஞ்சம் தொடலாம். அர்ஜென்டினாவின் ஃபார்மோசா மாகாணத்தில் தோபா பழங்குடி மக்களின் தூக்கத்தைக் கைப்பட்டைக் கருவியால் அளந்த ஆய்வு 2021-இல் வெளியானது. பௌர்ணமிக்கு முந்தைய சில ராத்திரிகளில் அவர்கள் நேரம் கழித்துப் படுத்தார்கள், குறைவாகத் தூங்கினார்கள். வளர்பிறையின் கடைசி நாட்களில் பொழுது சாய்ந்ததுமே வானில் வெளிச்சம் நிற்கும். பௌர்ணமி தாண்டினால் நிலா நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். மின்விளக்கு இல்லாத காலத்தில் இது பெரிய விஷயம். இன்று முழு நிலா தரும் வெளிச்சம், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் சுமார் கால் லக்ஸ்தான். உங்கள் கூடத்து டியூப்லைட் அதைப் போல் பல நூறு மடங்கு. கையிலிருக்கும் போன் தனி.

ஆகவே பௌர்ணமியைச் சமாளிப்பது என்றால் அந்த ராத்திரியின் தூக்கத்தைக் காப்பாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குத் தம்பி படுக்கை தெருப்பக்க அறையிலிருந்து பின்னறைக்கு மாறும். ஜன்னலுக்குக் கனமான திரை, காதுக்குப் பஞ்சு, மின்விசிறிச் சத்தம். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி கிடையாது. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து உறவினர்கள் கிரிவலத்துக்கு வந்து நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். முன்கூட்டியே போன் போட்டு, "ஒன்பது மணிக்கு மேல வந்தீங்கன்னா மாமா வீட்டுல தங்கிக்கோங்க சித்தப்பா, தம்பி தூங்கணும்" என்று சொல்லிவிடுவேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தம்பிக்கும் மலை சுற்ற ஆசை உண்டு. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு சாதாரண நாளில் அதிகாலையில் போவோம். அண்ணாமலையார் எல்லா நாளும் அங்கேதான் இருக்கிறார்.

லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். விரதம் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது, திடீரென்று உப்பில்லாமல் சாப்பிடுவது, வெயிலில் நடந்து வியர்வை கொட்டுவது, மூன்றுமே ரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். நடந்து முடித்துக் கால் வலிக்கிறது என்று மெடிக்கலில் வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் ஏற்றும். கை வெடவெடவென்று நடுங்குவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குக் குழறுவது என்று எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. அதைப் பார்த்து "பௌர்ணமி வந்துருச்சு" என்று உட்கார்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு இதில் மிகவும் வலிக்கும் இடம், "வர்ற அமாவாசை கழியட்டும், தானா இறங்கிடும்" என்ற பேச்சு. இரண்டு வாரம் காத்திருப்பதற்குள் கடன் ஏறும், வேலை போகும், சிலர் உயிரையே விடுகிறார்கள். இன்னும் சில வீடுகளில் நாள் பார்த்துக் கட்டிப்போடுகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியாமல் செத்தார்கள், 28 பேர். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது. கோயிலுக்குப் போங்கள், தர்காவுக்குப் போங்கள், மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தொடர்ந்து இரண்டு ராத்திரி தூக்கம் குறைந்தாலே எங்கள் மருத்துவருக்குத் தகவல் போய்விடும். எந்தத் திதி என்று பார்ப்பதில்லை. மருத்துவர் கிடைக்காத நேரத்தில் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். சாவதைப் பற்றிப் பேசினாலோ, யாரையாவது அடிக்கப் போனாலோ போனோடு நிறுத்தாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நோட்டையும் கொண்டு போங்கள். முழுவதையும் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது. கடைசி இரண்டு வாரத்தின் தூக்க நேரத்தை ஒரு தாளில் தனியாக எழுதிக் கொடுங்கள். லித்தியம் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால், முந்தின ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போடச் சொல்லுங்கள்.