டிராயிங் டேப்லெட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலத்தில் கட்டபெட்டிலிருந்து ஒரு மாணவர், கணினியில் மாட்டிப் பேனாவால் வரையும் புது டேப்லெட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கோத்தகிரிக்கு என்னைப் பார்க்க வந்தார். ஆர்கிடெக்சர் முதல் வருடம். காகிதத்தில் அருமையான கை. பழைய டீ ஃபேக்டரியின் தகரக் கூரையை மெல்லிய பென்சில் கோட்டில் பிடித்துவிட்டு, அதன்மேல் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார். டேப்லெட்டில் அந்த மெல்லிய கோடு வரவே இல்லை. அழுத்தினால்தான் கோடு விழுந்தது; விழும்போதே கறுப்பாக விழுந்தது.

“அக்கா, பெட்டியில 8192ன்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் இப்படி?”

ஓவிய வகுப்பு எடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வீட்டில் சேர்த்து வைத்த பணத்தை எடுத்து, ஆன்லைனில் எண்களைப் பார்த்து வாங்கி, பிறகு கை ஒத்துழைக்காமல் அலமாரியில் வைத்துவிட்டவர்கள் இந்த மலையில் பலர். தங்களுக்குத் திறமை இல்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

8192 என்பது என்ன? பேனாவை மெல்ல வைப்பதிலிருந்து அழுத்திப் பிடிப்பது வரையுள்ள தூரத்தை எத்தனை படிகளாகக் கருவி பிரிக்கிறது என்பதுதான். 2048 படிகளுக்கும் 8192 படிகளுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது. சாதாரண 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு இருப்பதே 256 படிகள். ‘ஒன் பை வாகாம்’ (One by Wacom) போன்ற எளிய டேப்லெட்டில் 2048தான். அதில் அழகாக வரைகிறவர்கள் இருக்கிறார்கள். கோட்டின் தலைவிதியை முடிவு செய்வது வேறொன்று: முதல் புள்ளி விழுவதற்கு எத்தனை கிராம் அழுத்தம் வேண்டும் என்பது. இதைத்தான் பெட்டியில் பெரிதாகப் போடுவதில்லை. 1 கிராமில் கோடு தொடங்கினால் பென்சில் போல இருக்கும். அதிகமாகக் கேட்கும் பேனாவில் கை விறைத்துப்போகும். ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

அதனால் வாங்கியதும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மூன்று கோடு போட்டுப் பாருங்கள். க்ரிட்டா இலவச மென்பொருள்; விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். அதில் கோட்டைத் தானாகச் சீராக்கும் பிரஷ் ஸ்மூத்திங்கை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மென்பொருளே குறையை மூடி மறைத்துவிடும். முதல் கோடு, பேனாவை அழுத்தாமல் அதன் சொந்த எடையில் மட்டும் இழுப்பது. கோடு விட்டுவிட்டு வந்தால் தொடக்க அழுத்தம் அதிகம் என்று பொருள். இரண்டாவது, ஸ்கேலை வைத்துக் குறுக்காக, மிக மெதுவாக, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. டேப்லெட்டின் அடியில் உணர்கம்பிச் சுருள்கள் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் ஓடுகின்றன. இரண்டு சுருள்களுக்கு நடுவே பேனா இருக்கும்போது இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணக்கு சரியில்லை என்றால் குறுக்குக்கோடு பாம்பு போல நெளியும். கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ போடும் கோட்டில் இந்தக் குறை வெளியே தெரியாது, வேகமாக இழுத்தாலும் தெரியாது. கட்டடம் வரைகிறவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். மூன்றாவது, பெரணி இலையின் ஓரம் போல வேகமாகச் சுண்டிவிடும் சின்னக் கோடுகள். முனை கூர்மையாக மெலிந்து முடிய வேண்டும். வாலில் கொக்கி போல வளைந்தால் அந்தப் பேனா கையை விட்டுப் பின்தங்குகிறது.

அந்த மாணவரின் டேப்லெட்டில் இரண்டாவது, மூன்றாவது கோடுகள் நன்றாகவே வந்தன. முதல் கோடுதான் தோற்றது. டேப்லெட்டைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரில், எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கறுப்பு என்று சொல்லும் அழுத்த வளைவைக் கடினமான பக்கம் நகர்த்தியதும் கோட்டின் கறுப்பு குறைந்து நிழல் படிப்படியாக ஏறியது. தொடக்க அழுத்தத்தை மட்டும் டிரைவரால் குறைக்க முடியாது. அது பேனாவோடு பிறந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினார்.

அளவும் விகிதமும்

அடுத்து எல்லோரும் சறுக்குவது அளவில். சின்ன டேப்லெட்டின் வரையும் பரப்பு பொதுவாக 15.2 செ.மீ. அகலம். 15.6 அங்குல லேப்டாப்பின் திரை அகலம் ஏறக்குறைய 34.5 செ.மீ. அதாவது கை 1 மி.மீ. நகர்ந்தால் திரையில் 2.3 மி.மீ. நகரும். இது பழகிவிடும். அதே டேப்லெட்டை 24 அங்குல மானிட்டரில் மாட்டினால் பெருக்கம் 3.5 மடங்கு; கையின் சின்ன நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அங்கே 21.6 செ.மீ. அகலமுள்ள நடுத்தர அளவு வேண்டும். லேப்டாப் மட்டும் இருக்கிறவர் பெரிய டேப்லெட் வாங்கினால் வேறு சிக்கல்: முழங்கையே அசைய வேண்டியிருக்கும், மேசையிலும் இடம் போதாது.

விகிதத்தைப் பார்க்க மறப்பவர்கள் இன்னும் அதிகம். என் வகுப்பில் ஒரு பெண் தோடர் எம்பிராய்டரியின் சிவப்பு-கறுப்பு வடிவங்களை டேப்லெட்டில் வரைய முயன்றாள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலையில் எல்லாமே இழை எண்ணிப் போடும் கட்டங்கள். சதுரம் சதுரமாக இருந்தாக வேண்டும். அவள் கை சதுரம் போட்டது, திரையில் செவ்வகம் வந்தது. டேப்லெட் 16:10, திரை 16:9. முழுப் பரப்பையும் முழுத் திரைக்கு இழுத்துப் பொருத்தினால் எல்லாம் 11 சதவீதம் அகன்றுவிடும். டிரைவரில் ‘ஃபோர்ஸ் ப்ரபோர்ஷன்ஸ்’ என்ற அமைப்பைப் போட்டதும் சரியானது. டேப்லெட்டின் ஒரு ஓரப் பட்டை வீணாகும், பரவாயில்லை.

திரை வேண்டுமா?

திரை இல்லாத டேப்லெட்டில் பார்ப்பது ஓரிடம், வரைவது ஓரிடம். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை தானாகப் போகும். அந்த இரண்டு வாரத்துக்குப் பயந்து பல மடங்கு விலை கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதுகு நிமிர்ந்து உட்காரலாம் என்பது கூடுதல் லாபம்.

திரையுள்ளதுதான் வேண்டும் என்றால் லேமினேஷன் செய்த கண்ணாடியா என்று பாருங்கள். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பேனா முனை ஓரிடத்திலும் கோடு ஓரிடத்திலும் நிற்கும். திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு ‘45% என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். 72% என்பது கணினிப் படங்களின் பொதுவான நிற அளவான எஸ்ஆர்ஜிபிக்கு ஏறக்குறையச் சமம். சோலைக்காட்டை வரைந்து பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும். இளந்தளிரின் சிவப்பு, பாசியின் மஞ்சள் கலந்த பச்சை, மரத்தடி இருட்டுப் பச்சை எல்லாம் மங்கிய திரையில் ஒரே பச்சையாகிவிடும். பல மலிவான லேப்டாப் திரைகளும் 45 சதவீதம்தான், அதையும் மறந்துவிடாதீர்கள்.

கேபிளில் நானே ஏமாந்திருக்கிறேன். கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய்த் திரையுள்ள ஒன்றை வாங்கினேன். ஒரே கேபிள் போதும் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மாட்டினால் திரை இருட்டு. என் லேப்டாப்பின் யூஎஸ்பி-சி துளை தரவு மட்டும் கடத்துவது, படத்தைக் கடத்தாது. துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருக்கிறதா, இல்லையென்றால் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மலை இறங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். படத்தைக் கடத்தும் எச்டிஎம்ஐ கேபிளுக்காக மறுபடி ஒருநாள் பஸ் பயணம்.

ஐபேட் வாங்குகிறவர்களுக்கு மிக முக்கியமான ஒன்று. 2023இல் வந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் விலை குறைவு, ஆனால் அதில் அழுத்த உணர்வே கிடையாது. சாய்வை உணரும், அழுத்தினாலும் கோடு தடிக்காது. குறிப்பு எழுத நல்லது, நிழல் தீட்ட உதவாது. உங்கள் ஐபேட் மாடலுக்கு எந்தப் பென்சில் பொருந்தும் என்று பார்த்துவிட்டு மாடலைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங் டேப் எஸ் வரிசையில் பெரும்பாலான மாடல்களுக்கு எஸ் பென் என்ற பேனா பெட்டியிலேயே வரும். அதற்கு அழுத்த உணர்வு உண்டு, வரைவதற்கு சார்ஜும் தேவையில்லை. எதுவானாலும் ரேமில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏ3 அளவில் 300 டிபிஐ படம் என்றால் ஒரு லேயருக்கே, அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகளில் ஒன்றுக்கே, சுமார் 70 எம்பி. வானம், மலை, மூடுபனி, மரம், நிழல் என்று 30 லேயர் போனால் 2 ஜிபி.

மலைக்கென்று சில

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெரிய திரை டேப்லெட் அந்த நிமிடமே செத்துவிடும். திரையில்லாதது லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். பேனாவிலும் பேட்டரி இல்லாத ஈஎம்ஆர் வகையே இங்கே நல்லது. டேப்லெட்டின் காந்தப்புலத்திலிருந்தே அது சக்தி எடுத்துக்கொள்கிறது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் தொல்லை பேனாவுக்கு இல்லை.

கர்சர் தானாக நடுங்கினால் உடனே டேப்லெட்டைக் குறை சொல்லாதீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே குறுக்குக்கோட்டைப் போடுங்கள். கோடு நேரானால் குறை சுவரில். பழைய வீடுகளில் எர்த்திங் சரியாக இருப்பதில்லை. இரும்பு மேசையும் இப்படி ஆட்டம் காட்டும், அடியில் ஒரு பலகை வைத்தால் போதும்.

உறைபனிக் காலையில் வெளியே வரைந்துவிட்டு அடுப்புச் சூடுள்ள அறைக்குள் வந்ததும் ஆன் செய்யாதீர்கள். கண்ணாடியில் வியர்ப்பது போலவே உள்ளேயும் நீர் கோக்கும். பையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடித்துப் பார்த்தவர்களுக்கு சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் அருமை தெரியும். டேப்லெட் பையிலும் இரண்டு போட்டு வையுங்கள். சித்திரை இடிமழைக்கு எல்லா வயரையும் பிடுங்கிவிடுவது நல்லது.

கையுறை, ஸ்டாண்டு, பளபள பட்டன்கள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய டேப்லெட்டை வாங்குகிறீர்கள் என்றால் அதன் பேனா தனியாகக் கிடைக்கிறதா, உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா என்ற இரண்டை மட்டும் விடாதீர்கள். முன்பு வைத்திருந்த டேப்லெட்டின் டிரைவரையும் கணினியிலிருந்து நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போவதுண்டு.

பேனாவுக்கு மாற்று நிப்புகளைக் கூடவே ஆர்டர் செய்துவிடுங்கள். டேப்லெட்டின் மேல் பளபளப்பில்லாத மேட் ஃபிலிம் ஒட்டியிருந்தால் காகிதம் போன்ற பிடிப்பு கிடைக்கும், ஆனால் நிப் சீக்கிரம் தேயும். முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் உளிபோலத் தட்டையாகி விளிம்பு குத்தினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது பரப்பைக் கீறிவிடும்.