யோகா ஆசிரியர் பயிற்சி: உடற்கூறு, மூச்சு, தத்துவம் மூன்றையும் சேர்த்தே படியுங்கள்

200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர்கிறவர்கள் பலர் ஆசனத்தில் திணறுவதில்லை, பாடத்தில்தான் திணறுகிறார்கள். தசைகளின் பெயருக்கு ஒரு நோட்டு, பிராணாயாமத்துக்கு ஒரு நோட்டு, சூத்திரங்களுக்கு ஒரு நோட்டு என்று போட்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு எழுதிவிடலாம், ஆனால் முதல் வகுப்பு எடுக்க நிற்கும்போது வாயில் ஒன்றும் வராது. அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரே ஒரு ஆசனத்தை எடுத்துக்கொண்டு, மூன்று பாடத்தையும் அதன் வழியாகவே படியுங்கள்.

பச்சிமோத்தானாசனத்தையே எடுத்துக்கொள்வோம். காலை நீட்டி உட்கார்ந்து குனிகிறீர்கள், முதுகு கூன் போடுகிறது, கை பாதத்துக்கு எட்டவில்லை. ஏன்? ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடையின் பின்புறத் தசைகள் பெரும்பாலும் நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்காலில் போய் முடிகின்றன. கால் நேராக நீண்டிருக்கும்போது அவை இறுகி இடுப்பெலும்பைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், இடுப்பு சாயாததால் குனிவு முழுவதும் கீழ் முதுகில் விழும், அங்கே முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் வட்டுகளில் அழுத்தம் ஏறும். இப்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள், அல்லது மடித்த போர்வை மேல் உட்காருங்கள். இடுப்பு முன்னால் சாய்வது தெரியும். இதை உங்கள் உடம்பில் ஒருமுறை உணர்ந்துவிட்டால் அந்தத் தசையின் பெயர் மறக்கவே மறக்காது.

முதுகெலும்பையும் இப்படித்தான் படிக்க வேண்டும். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், எந்தப் பகுதி எதற்கு வசதியானது என்று கேளுங்கள். இடுப்புப் பகுதி குனியும், வளையும், ஆனால் மிகக் கொஞ்சம்தான் திரும்பும். உடலைத் திருகும் ஆசனங்களில் திருப்பம் மார்புப் பகுதியில் வர வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அப்புறம் மூச்சு. வயிற்றுக்குள் காற்று போகிறது என்று மாணவர்களிடம் சொல்லாதீர்கள். காற்று நுரையீரலுக்குத்தான் போகிறது, நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கி உள்ளுறுப்புகளை அழுத்துவதால் வயிறு முன்னால் வருகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள்: உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். பலருக்கு இது விரலிலேயே தெரியும். முன்னால் குனியும் ஆசனத்தில் வெளிமூச்சை நீட்டச் சொல்வதன் பொருள் அப்போது புரியும். ஆனால் அளவுகளில் அவசரம் வேண்டாம். திருமந்திரத்தில் திருமூலர் பூரகத்துக்கு (மூச்சை இழுப்பது) 16, கும்பகத்துக்கு (அடக்குவது) 64, ரேசகத்துக்கு (விடுவது) 32 என்று கணக்குச் சொல்கிறார், அது பழகித் தேர்ந்தவர்களுக்கு. தொடக்கத்தில் மூச்சை அடக்காமல் 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விட்டாலே போதும். வயிற்றை உள்ளே இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைப் பலர் பிராணாயாமம் என்றே படிக்கிறார்கள், ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் அதை ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாகத்தான் வைக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் அதைக் கற்றுத்தரக் கூடாது. இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தத்துவம்தான் பலருக்குப் பயம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் நான்கு பாதங்கள், சுமார் 195 சூத்திரங்கள். முதல் பாதத்திலிருந்து தொடங்கினால் சமாதியின் வகைகளிலேயே தலை சுற்றும், அதனால் இரண்டாம் பாதமான சாதன பாதத்தின் 29ஆம் சூத்திரத்தில் ஆரம்பியுங்கள் என்பேன். யோகத்தின் எட்டு அங்கங்களை அங்கேதான் சொல்கிறார். ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது மூன்றே மூன்று சூத்திரங்கள், 46 முதல் 48 வரை. நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்கிறார், பாதத்தைத் தொட வேண்டும் என்று எங்கும் இல்லை. பச்சிமோத்தானாசனத்தில் முழங்காலை மடக்கிக்கொண்ட மாணவர் குறைந்தவர் இல்லை, அவர் சூத்திரப்படிதான் நடக்கிறார். எட்டு அங்கங்களில் முதலாவதான இயமத்தில், அதாவது ஒழுக்க விதிகளில், முதலில் வரும் அகிம்சையை உங்கள் சொந்தத் தொடைத் தசையிடமும் காட்ட வேண்டும். பதஞ்சலி படித்த கையோடு திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தையும் திறந்து பாருங்கள், அதே எட்டு அங்கங்கள் நம் தமிழிலேயே இருக்கின்றன, இயமப் பட்டியல் இன்னும் நீளம்.

சரி, வாரக் கடைசியில் என்ன செய்வது? யோகா தெரியாத ஒருவரை உட்காரவைத்து அந்த வாரத்து ஆசனத்தைச் சொல்லிக்கொடுங்கள். தொடங்கும் முன் ரத்த அழுத்தம், முதுகுவலி, கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை பற்றிக் கேளுங்கள். நீங்கள் செய்து காட்டாமல் வாயால் மட்டும் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் புரியாமல் விழிக்கிறாரோ, அந்தப் பாடத்தை அடுத்த நாள் மறுபடி திறந்து படியுங்கள்.